தன்முன்னேற்றமும் ஆன்மிகமும் – நாராயணகுரு மரபை முன்வைத்துச் சில குறிப்புகள்

நம் ஊர்ப் புத்தகக்கடைகளில் தன்முன்னேற்ற நூல்களும் ஆன்மிக நூல்களும் பெரும்பாலும் ஒரே அடுக்கில் இருக்கின்றன. வாங்குபவர்களும் பல நேரங்களில் ஒருவரே. போட்டித்தேர்வுக்குப் படிக்கும் மாணவர் மனத்தை ஒருமுகப்படுத்தத் தியான நூல் ஒன்றை எடுத்துக்கொள்கிறார். தியானத்துக்குச் சென்றவர் தொழில் பெருகும் வழி சொல்லும் நூலுடன் திரும்புகிறார். இலக்கிய வாசகர்களாகிய நாம் இந்த அடுக்கைச் சற்று இளக்காரத்துடன் கடந்து செல்வது வழக்கம். ஆனால் அதனடியில் இருக்கும் கேள்வி இளக்காரத்துக்குரியதன்று. தன்னை உயர்த்திக்கொள்வதும் தன்னை அறிவதும் ஒரே பாதையா, எதிரெதிர்த் திசைகளா?

இதற்கு இரண்டு ஆயத்தப் பதில்கள் உண்டு. இரண்டும் ஒன்றே, உள்ளே தெளிந்தவனுக்கு வெளியே எல்லாம் கைகூடும் என்பது ஒன்று. முன்னேற்றம் ஆசையின் வழி, ஆன்மிகம் துறவின் வழி, இவை ஒருபோதும் சந்திக்கா என்பது மற்றொன்று. முதல் பதில் சந்தைக்கு வசதியானது. இரண்டாவது மடங்களுக்கு வசதியானது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு வரலாற்றில் இக்கேள்வி உண்மையிலேயே வாழ்ந்து பார்க்கப்பட்ட ஓரிடத்தைக் காண முயல்வோம். அந்த வரலாற்றின் ஒரு கிளை, கூடலூரிலிருந்து நடுவட்டம், பைக்காரா வழியாக 50 கிலோமீட்டர் மேலேறினால் வரும் ஊட்டியில், ஃபெர்ன்ஹில் குருகுலத்தில் வந்து நிற்கிறது. கூடலூரில் தமிழ் கற்பிக்கும் நமக்கு அது பக்கத்து வீட்டுக் கதை.

முதலில் தன்முன்னேற்றம் என்ற கருத்தின் பிறப்பைப் பார்த்துவிடலாம். அதன் மூலநூலாகப் பலரும் சுட்டுவது சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட ‘செல்ஃப் ஹெல்ப்’. உழைப்பு, சிக்கனம், விடாமுயற்சி ஆகியவற்றால் தாழ்ந்த நிலையிலிருந்து உயர்ந்தவர்களின் கதைகள் அதில் நிறைந்திருக்கின்றன. அந்நூல் பிறந்த சூழல் கவனிக்கத்தக்கது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் உழைக்கும் இளைஞர்கள் சிலர் மாலை நேரங்களில் கூடி, தெரிந்தவர் தெரியாதவருக்கு எழுத்தும் கணக்கும் சொல்லித்தந்தனர். இடம் பற்றாமல் போனபோது, ஒரு காலத்தில் காலரா நோயாளிகளுக்கான தற்காலிக மருத்துவமனையாக இருந்ததனால் எவரும் வாடகைக்கு எடுக்கத் தயங்கிய அறையொன்றை எடுத்துக்கொண்டனர். 1845இல் அவர்கள் அழைத்து ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளே பின்னர் நூலாயின. அது ஒருவருக்கொருவர் உதவிக்கொண்ட கூட்டம். நூலாக மாறியபோது ‘ஒருவருக்கொருவர்’ உதிர்ந்து ‘தன்’ மட்டும் தலைப்பில் நின்றது.

இந்த ‘தன்’ போதுமானதா என்பதற்கு நம் நாட்டில் ஒரு சோதனை நிகழ்ந்தது. டாக்டர் பல்பு 1863இல் திருவனந்தபுரத்தில் ஓர் ஈழவக் குடும்பத்தில் பிறந்தார். ஸ்மைல்ஸ் சொல்லும் நற்குணங்கள் அனைத்தும் அவரிடம் இருந்தன. வறுமையில் படித்தார், திருவிதாங்கூரில் மருத்துவப் படிப்புக்கான தேர்வில் வென்றும் சாதியின் பெயரால் இடம் மறுக்கப்பட்டார். சென்னைக்கு வந்து மருத்துவம் பயின்று தேர்ந்தார். பட்டத்துடன் ஊர் திரும்பி அரசுப்பணி கேட்டபோது மீண்டும் சாதியே விடையாக வந்தது. மைசூர் அரசு அவரை ஏற்றுக்கொண்டது. பெங்களூரைக் கொள்ளைநோய் சூறையாடிய 1898இல் உயிரைப் பொருட்படுத்தாமல் பணியாற்றிய மருத்துவர்களில் அவரும் ஒருவர்.

தனிமனிதன் தன்னளவில் செய்யக்கூடிய அனைத்தையும் செய்து முடித்த பிறகும் கதவு திறக்கவில்லை என்றால், குறை எங்கே இருக்கிறது? இன்றைய தன்முன்னேற்றப் பேச்சாளர் ஒருவர், உன் எண்ணத்தில் இருக்கிறது என்பார். பல்பு அப்படி எண்ணவில்லை. திருவிதாங்கூர் மக்களுக்கு அரசுப்பணிகளில் உரிய இடம் கேட்டுப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு 1891இல் அரசருக்கு அளித்த விண்ணப்பத்தில் அவர் பங்கு கொண்டார். 1896இல் ஈழவர்களின் கல்விக்கும் பணிக்கும் தனியே 13,176 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பத்தைக் கொண்டுசென்றார். இரண்டிலும் குறிப்பிடத்தக்க பலன் விளையவில்லை.

தென்னாடு வந்த விவேகானந்தரைப் பல்பு சந்தித்ததாகவும், இந்தியாவில் எந்தச் சமூகப்பணியும் ஓர் ஆன்மிக ஆளுமையை மையமாகக் கொண்டாலன்றி வேர்பிடிக்காது என்று அவர் அறிவுறுத்தியதாகவும் பல்புவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். இதை வெறும் உத்தியாக வாசிக்கலாம்: மக்களைத் திரட்ட ஒரு சாமியார் தேவை. அவ்வாறு வாசித்தால் பின்னர் நடந்தவை நமக்குப் புரியாமல் போகும். பல்பு சென்றடைந்த மனிதர் எவருடைய உத்தியிலும் அடங்காதவர்.

நாராயணகுருவைத் தமிழ் வாசகர்கள் கேரளத்துக்கு உரியவராக மட்டும் எண்ணிவிடுவதுண்டு. அவருடைய உருவாக்கத்தில் தமிழுக்குப் பெரும்பங்கு உண்டு. யோகம் பயின்றது திருவனந்தபுரம் தைக்காட்டில் வாழ்ந்த தமிழரான அய்யாவு சுவாமிகளிடம். தனிமையில் தவமிருந்தது இன்றைய குமரி மாவட்டத்தின் மருத்துவாழ்மலைக் குகையில். தமிழில் செய்யுள் இயற்றினார். திருக்குறளின் ஒரு பகுதியையும் ‘ஒழிவிலொடுக்கம்’ நூலையும் மலையாளத்தில் ஆக்கினார். 1916இல் திருவண்ணாமலைக்குச் சென்று ரமணரைக் கண்டார்.

மருத்துவாழ்மலையிலிருந்து சிறிது தொலைவிலேயே சுவாமித்தோப்பு இருக்கிறது. நாராயணகுருவுக்கு முந்தைய தலைமுறையில் அங்கே அய்யா வைகுண்டர் ஒரு புதுமை செய்திருந்தார். ஒடுக்கப்பட்ட மக்களை ஒன்றுதிரட்டித் துவையல் தவம் என்ற நெறியை வகுத்தார். எழுநூறு குடும்பங்கள் கடற்கரையில் கூடிவாழ்ந்து, நாள்தோறும் குளித்து, உடைகளைத் துவைத்து, எளிய உணவுண்டு அதை நோற்றதாக மரபு கூறுகிறது. உடலையும் உடையையும் தூய்மை செய்வது அங்கே தவம் எனப் பெயர் பெற்றது. இன்னொருவர் அதை வெறும் சுகாதாரம் என்றிருப்பார். தீண்டத்தகாதவன் என்று ஊரே சொல்லும் ஒருவன் தன் உடலைக் கழுவுகையில் அழுக்குடன் சேர்த்து அந்தச் சொல்லையும் கழுவுகிறான். அவனைப் பொறுத்தவரை சுகாதாரமும் ஆன்மிகமும் பிரிக்க முடியாதவை. கோவணத்துக்கு மேல் உடுக்கவும் தலைநிமிரவும் தடையிருந்த காலத்தில், தலைப்பாகை அணிந்து கண்ணாடியின் முன் நின்று வழிபடச் சொன்ன மரபு அது.

இந்தப் பின்னணியில்தான் 1888இல் அருவிப்புறத்தில் நாராயணகுரு நெய்யாற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துச் சிவனாக நிறுவிய நிகழ்வு பொருள் பெறுகிறது. கோயிலுக்குள் செல்லும் உரிமையற்றவன் கோயிலையே நிறுவினான் என்பது அதன் சமூகப் பொருள். அதற்குள் ஓர் உளவியல் பொருளும் உண்டு. சாதி வெளியே நிற்கும் மதில் மட்டுமன்று; தலைமுறை தலைமுறையாக உள்ளே இறங்கிவிட்ட ஒரு தன்மதிப்பீடு. சட்டமும் விண்ணப்பமும் மதிலை இடிக்கலாம். உள்ளே இறங்கியதை இடிக்க வேறு கருவி வேண்டும். எல்லா உயிரிலும் உறைவது ஒரே அறிவு என்ற அத்வைதத்தை நாராயணகுரு அப்படிப்பட்ட கருவியாக்கினார். மடங்களில் தர்க்கத்துக்குரியதாக இருந்த ஒரு தத்துவம், கள்ளிறக்கும் தொழிலாளியிடம் நீ எவருக்கும் கீழானவன் அல்லன் என்று சொல்லும் சொல்லாயிற்று.

1903இல் ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகம் பதிவுபெற்றது. குரு தலைவர், கவிஞர் குமாரன் ஆசான் முதல் செயலாளர், பின்னின்று இயக்கியவர் பல்பு. கல்விக்கூடங்களும் நூலகங்களும் தோன்றின. தொடக்க ஆண்டுகளிலேயே கொல்லத்தில் தொழிற்கண்காட்சி ஒன்றை யோகம் நடத்தியது. கள்ளும் சாராயமும் செய்யாதீர், விற்காதீர், அருந்தாதீர் என்று குரு அறிவுறுத்தினார். கள்ளிறக்குவதைக் குலத்தொழிலாகக் கொண்டிருந்த பலரைப் பார்த்து இதைச் சொல்வது எளிதன்று. வருமானத்தை விடச்சொல்லும் ஒருவர் மாற்றுத்தொழிலையும் சொல்லியாக வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். நெசவும் வணிகமும் கைத்தொழிலும் அவர் பேச்சில் இடையறாது வந்ததன் காரணம் இதுவே.

இந்தச் சேர்க்கையின் மிகத் தெளிவான வடிவம் சிவகிரி யாத்திரை. 1928 ஜனவரியில், குருவின் இறுதி ஆண்டில், கோட்டயம் நாகம்படத்தில் சிலர் அவரைச் சந்தித்து வர்க்கலை சிவகிரிக்கு யாத்திரை தொடங்க ஒப்புதல் கேட்டனர். பத்துநாள் நோன்பும் எளிய மஞ்சள் உடையும் போதும், அதற்காக எவரும் வீண்செலவு செய்யக்கூடாது என்றார் குரு. பிறகு, போய்வருவதால் மட்டும் என்ன பயன் என்று அவரே வினவி, யாத்திரைக்கு எட்டு நோக்கங்களை வகுத்தார்: கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பு, விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி. ஒவ்வொரு துறையிலும் அறிந்தவர்களை அழைத்துப் பேசச் செய்ய வேண்டும். கேட்டவர்கள் ஊர் திரும்பிச் செயல்படுத்த வேண்டும். 1932இல் இலவும்திட்டையிலிருந்து ஐந்து இளைஞர்கள் முதன்முதலாக நடந்து சென்றனர்.

இந்தப் பட்டியலைச் சற்று நின்று பார்ப்போம். எட்டில் இறைபக்தி ஒன்றுதான். அதுவும் முதலிலோ இறுதியிலோ இல்லை, மூன்றாவதாக, தூய்மைக்கும் அமைப்புக்கும் நடுவே அமர்ந்திருக்கிறது. உலகெங்கும் புண்ணியத் தலங்களுக்குச் செல்பவர்கள் பாவம் தொலைக்கச் செல்கிறார்கள். இங்கே தறி பற்றியும் உரம் பற்றியும் கேட்டுத் திரும்பச் சொல்கிறார் ஒரு துறவி. வறியவனிடம் ஆன்மாவை மட்டும் பேசுவது ஏமாற்று என்பதை வடலூர் வள்ளலாரும் அறிந்திருந்தார். 1867இல் அவர் தருமசாலையின் அடுப்பை மூட்டியது அதனால்தான். வள்ளலார் பசியிலிருந்து தொடங்கினார் என்றால் நாராயணகுரு திறனிலிருந்து தொடங்கினார் எனலாம்.

கதை இங்கே முடிந்திருந்தால் இரண்டும் ஒன்றே என்ற முதல் பதிலை நாம் ஏற்றுக்கொண்டிருக்கலாம். வரலாறு அத்தனை இசைவாக நடப்பதில்லை. 1916 மே மாதத்தில் குரு டாக்டர் பல்புவுக்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்குத் தெரியாமலேயே யோகம் தீர்மானங்கள் நிறைவேற்றுவதையும், யோகத்துக்குச் சாதி அபிமானம் கூடிவருவதையும் காரணமாகச் சுட்டி, மனத்தால் முன்பே விலகியதுபோல இப்போது சொல்லாலும் செயலாலும் விலகுவதாகத் தெரிவித்தார். அதே ஆண்டில், தாம் எச்சாதியையும் மதத்தையும் சேர்ந்தவர் அல்லர் என்ற அறிக்கையையும் வெளியிட்டார்.

அவர் பெயரால் அமைந்த அமைப்பிலிருந்து அவரே விலகும்படி நேர்ந்தது ஏன்? முன்னேற்றம் என்ற சொல்லிலேயே விடை இருக்கிறது. யாருக்கு முன்? ஏற்றம் எதைவிட? வரிசை ஒன்று இருந்தால்தான் முன்னும் பின்னும் இருக்கும். தாழ்த்தப்பட்ட ஒரு சமூகம் கல்வியும் செல்வமும் பெற்று எழும்போது, வரிசையையே கலைப்பதற்குப் பதில் வரிசையில் தன் இடத்தை மாற்றிக்கொள்ளும் ஆசை இயல்பாகவே எழுகிறது. தனக்குக் கீழே இன்னொருவர் இருப்பது அப்போது வசதியாகிவிடுகிறது. எழவேண்டியவனுக்குத் தன்மானத்தைத் தந்த அதே விசை, எழுந்த பிறகு செருக்காக மாறுகிறது. எவருக்கும் கீழல்ல என்ற சொல்லின் மறுபாதி எவருக்கும் மேலல்ல என்பது. முதல் பாதியைக் கேட்க மக்கள் ஓடிவந்தனர். மறுபாதிக்குச் செவிகள் குறைவு.

குரு நிறுவிய திருவுருக்களின் வரிசையும் இதையே சொல்கிறது. அருவிப்புறத்தில் ஒரு கல். 1912இல் சிவகிரியில் கல்விக்குரிய சாரதை. சன்னல்கள் வைத்துக் காற்றும் ஒளியும் புகக் கட்டிய கோயில் அது. பின்னர் காரமுக்கில் விளக்கு. 1927இல் களவங்கோட்டில் கண்ணாடி. வழிபட வந்தவன் தன் முகத்தையே கண்டு திரும்பினான். அருவிப்புறத்தில் அவனுக்கு உரிமை கிடைத்தது. களவங்கோட்டில் அந்த உரிமையைக் கொண்டு என்ன ஆனாய் என்ற வினா கிடைத்தது. நம்மளவில் ஆன்மிகத்தின் இடம் இந்த இரண்டாம் வினாவில்தான் இருக்கிறது. முன்னேற்றத்துக்கான எரிபொருள் என்று அதைக் கொள்வதைவிட, முன்னேறும் தன்னை இடைவிடாது கணக்குக் கேட்கும் குரல் என்று கொள்வதே பொருத்தம்.

பல்புவின் மகன் நடராஜன் 1895இல் பெங்களூரில் பிறந்தார். சென்னையில் அறிவியல் பயின்றார். தந்தை விண்ணப்பங்களாலும் அமைப்பாலும் தேடியதை மகன் வேறு வழியில் தேடினார். நாராயணகுருவிடம் சீடராகச் சேர்ந்தார். 1923இல் குருவின் ஆசியுடன் நீலகிரியில் நாராயண குருகுலத்தைத் தொடங்கினார். பின்னர் ஐரோப்பா சென்று ஜெனீவாவுக்கு அருகே கிளாந்திலிருந்த சர்வதேசப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே ஆய்வு செய்து, பாரிஸ் சொர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். கல்வியில் ஆளுமை வகிக்கும் இடம் பற்றியது அவர் ஆய்வு. கல்வியை அமைப்போ பாடத்திட்டமோ நிகழ்த்துவதில்லை, ஒரு மாணவனுக்கும் ஓர் ஆசிரியருக்கும் இடையே உருவாகும் உறவே நிகழ்த்துகிறது என்பது அவர் சிந்தனையின் மையம். தந்தைக்கு எண்ணிக்கை பலமாக இருந்தது. மகனுக்கு இருவர் போதும்.

தமிழ் வாசகர்களில் பலருக்கு ஃபெர்ன்ஹில் குருகுலம் அறிமுகமானது நடராஜகுருவின் மாணவரான நித்ய சைதன்ய யதியின் வழியாக, அவரைக் குறித்து ஜெயமோகன் எழுதியவற்றின் மூலமாக. தத்துவமும் உளவியலும் கற்பித்த யதி அங்கே வாழ்ந்து 1999 மே மாதம் மறைந்தார். தோட்டவேலையும் சமையலும் இசையும் இலக்கியமும் தியானத்துக்குச் சமமாக நடந்த இடமாகவே அவருடைய குருகுலத்தை நாம் அறிந்திருக்கிறோம்.

ஆயினும் ஓர் ஐயத்தை இங்கே எழுப்பாமலிருப்பது நேர்மையாகாது. யோகம் பெருகிப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் தேர்தல் செல்வாக்கையும் பெற்றது. குருகுலம் சிறிதாக, அமைதியாக, மலைமேல் நின்றது. சிவகிரியில் எட்டாக இணைந்திருந்தவை மலைக்கும் சமவெளிக்குமாகப் பிரிந்துவிட்டனவோ? சமவெளியில் கணக்குக் கேட்கும் குரல் மெலிந்தது. மலையில் தறியின் ஓசை மெலிந்தது. இரண்டையும் ஒருவரே சுமப்பது கடினம் என்பதற்கு அந்த மரபின் வரலாறே சான்று. ஆனால் அந்தச் சுமையை இறக்கிவைத்த இடங்களிலெல்லாம் ஏதோ ஒன்று குறைபட்டிருக்கிறது என்பதற்கும் அதுவே சான்று.

இப்போது கூடலூருக்குத் திரும்புவோம். 1877 வரை மலபார் மாவட்டத்தின் வயநாட்டுப் பகுதியாக இருந்து நீலகிரியுடன் சேர்க்கப்பட்ட ஊர் இது. கூடலூர் என்ற பெயருக்கேற்ப ஊட்டி, மைசூர், மலபார்ச் சாலைகள் இங்கே கூடுகின்றன. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடிகளுடன், திருவிதாங்கூரிலிருந்து நிலம் தேடி வந்தவர்களும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்த தமிழர்களும் இங்கே சேர்ந்து வாழ்கிறார்கள். ஜன்மி நிலங்களை ரயத்துவாரியாக மாற்ற 1969இல் சட்டம் வந்தும் நிலவுரிமைச் சிக்கல் தலைமுறைகளைக் கடந்து நீண்டது. இத்தகைய ஊரின் மாணவனிடம் உன் எண்ணமே உன் வாழ்வு என்று மட்டும் சொல்லும் நூலைக் கொடுப்பது, பட்டா இல்லாத குறையையும் அவன் மனத்தின்மேல் ஏற்றுவதாகும். எல்லாம் வினைப்பயன், பொறுத்திரு என்று சொல்லும் நூலைக் கொடுப்பது அதனினும் கொடிது.

மூன்றாவது வழி ஒன்றை இவ்வூரே கண்டது. 1980களின் பிற்பகுதியில் இங்கே பழங்குடி மக்கள் ஆதிவாசி முன்னேற்றச் சங்கமாகத் திரண்டனர். 1988இல் ஆயிரக்கணக்கானோர் நிலவுரிமை கேட்டுக் கூடலூர்த் தெருக்களில் ஊர்வலம் சென்றனர். தொடர்ந்து வந்த ஆண்டுகளில் அவர்களுக்கான மருத்துவமனையும் பள்ளியும் அமைந்தன. பழங்குடிப் பெண்களே செவிலியர் பயிற்சி பெற்றனர். அவர்கள் நாராயணகுருவின் பெயரைச் சொல்லித் தொடங்கியவர்கள் அல்லர். ஆனால் கல்வி, உடல்நலம், நிலம், அமைப்பு என்று அவர்கள் ஏற்றுக்கொண்ட பணிகளைச் சிவகிரியின் எட்டுக்கு அருகில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும். லீட்ஸ் இளைஞர்களின் காலரா அறையில் இருந்து, பின்னர் நூலின் தலைப்பிலிருந்து உதிர்ந்துபோன அந்த ‘ஒருவருக்கொருவர்’ இங்கே திரும்பி வந்திருக்கிறது.

ஆகவே தன்முன்னேற்ற நூலைக் கையில் வைத்திருக்கும் மாணவனிடம் அதைப் பறித்துவிட்டு ஓர் உயர்ந்த நூலைத் திணிக்க நாம் விரும்பவில்லை. படிக்கட்டும், எழட்டும், திறன் பெறட்டும். எழும்போது அவனுடன் யார் எழுகிறார்கள், எழுந்தபின் அவன் யாரைக் கீழே காண்கிறான் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் உடன் அனுப்புவோம். முதலாவதைக் கேட்கச் சங்கமும் பள்ளியும் உதவும். இரண்டாவதை அவனே தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். களவங்கோட்டுக் கண்ணாடி அதற்காகத்தான் வைக்கப்பட்டது என்று நாம் எண்ணுகிறோம்.